கடைசி மடக்கு

செத்தவங்களுக்குக் கசப்புதான் பிடிக்கும்ங்கிற சங்கதி, லூர்து எங்க சாவடிக்குப்பத்துல வந்து பீர் காய்ச்ச ஆரம்பிக்கிற வரைக்கும் எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷமா படையல்ல வடையும் பாயசமும் வச்சு அவங்களை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்க மாட்டோம். ஐயர் வீடுகள்ல பாகற்காய் இல்லாம திவசத்துக்கு இலை போட மாட்டாங்கன்னு பிற்பாடு ஒருத்தர் சொன்னாரு. அடப்பாவி மனுஷா, அதை முன்னாலயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல, எல்லைக்குப் பாண்டிப் பக்கம், கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுது. கடலூர்ப் பக்கத்து ஆளுங்க பொழுது சாஞ்சா குடிக்கிறதுக்குன்னே பஸ் ஏறி வருவாங்க. மீசை நரைக்கிற வரைக்கும் அந்த ரூட்ல கண்டக்டரா இருந்தவன் நான், வரும்போது வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் திரும்பும்போது யாரைத் திட்டிக்கிட்டு போவான்ங்கிறது வரைக்கும் எனக்கு அத்துப்படி. ஆக, குடிக்கு எங்க ஊர்ல பஞ்சமே கிடையாது, ஆனா பீர்னா எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஸ்ட்ராங் பீர், பாட்டிலைத் தொட்டா கை விறைக்கணும், முதல் மடக்குல மண்டையில குத்தணும், ருசின்னு ஒண்ணு இருக்கிறது நாக்குக்குத் தெரியறதுக்குள்ள தொண்டையைத் தாண்டிப் போயிடணும்.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் லூர்து வந்தான். ரைஸ் மில் மரியசூசையோட ஒரே பையன், பெல்ஜியத்துல போய் பீர் காய்ச்சுற படிப்பு படிச்சிட்டு வந்தவன், அதுக்கெல்லாமா படிப்புன்னு கேட்காதீங்க, இருக்காம். அப்பா போன பிற்பாடு மில் மெஷினைப் பிரிச்சு எடைக்குப் போட்டுட்டு, உமி கொட்டிக் கிடந்த இடத்துல ரெண்டு ஆள் உயரத்துக்குச் செம்பு அண்டாக்களை நிறுத்தி, லைசென்ஸுக்கு அலைஞ்சு செருப்பு தேஞ்சு, ஒரு தை மாசம் கடையைத் திறந்தான். இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேர் எழுதி மாட்டியிருந்தான், நாங்க அதைப் படிக்கிற சிரமமெல்லாம் வச்சுக்கலை, செம்புக்கடைன்னு சொல்லிட்டோம்.

முதல் நாள் சாயந்தரம் ஊருக்கே இலவசம்னான். இலவசம்னா விஷத்தையும் ஒரு வாய் பார்க்கிற ஊர்தானே, மாதா கோயில் தெருவிலேருந்து குப்பத்துக் கடைசி வீடு வரைக்கும் ஆம்பளைங்க அத்தனை பேரும் ஆஜர். குளிர் தேசத்துல கொடியில பூக்கிற ஹாப்ஸுங்கிற பச்சைப் பூவை வரவழைச்சு, அதைக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டுக் காய்ச்சினது இதுன்னு லூர்து கிளாஸ் கிளாஸா நுரை ததும்ப ஊத்திக் குடுத்தான். அண்ணே, மடக்குன்னு குடிச்சிடாதீங்க, முதல்ல மோந்து பாருங்க, நாரத்தந்தோல் வாசனை வரும், பின்னாலயே மாம்பூ வாசனை வரும், அப்புறம் நாக்கு நடுவுல கொஞ்சம் வச்சிருந்து இறக்குங்கன்னு பாடம் எடுத்தான். குடிக்கிறவன் எவனும் மறக்காத வழக்கப்படி நாங்க மோதிர விரலைக் கிளாஸ்ல நனைச்சு, முன்னாடி போனவங்களுக்குன்னு தரையில மூணு சொட்டு தெளிச்சிட்டு, எல்லாரும் ஒண்ணா வாயில ஊத்தினோம், எல்லாருக்கும் ஒண்ணா மூஞ்சி கோணிச்சு.

ஒருத்தன் வேப்பெண்ணெய்ன்னான். ஒருத்தன், டெங்கு வந்தப்ப தெரு முனையில சும்மா ஊத்தின நிலவேம்புக் கஷாயத்தை நீ கிளாஸ் வச்சு விக்கிறியாப்பான்னான். பீருங்கிறது ஐஸுக்காகவே கடவுள் படைச்சதுன்னு நம்புற ஐஸ் பேக்டரி மாசிலாமணி, இது சில்லுன்னே இல்லையேன்னு தன்னையே அவமானப்படுத்தினாப்பல கோவிச்சுக்கிட்டான். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் அந்துவான் மட்டும் கண்ணை மூடி ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு, பிரமாதம், ஆனா பிரான்ஸ்ல, மார்செய் பட்டணத்துல இதைவிடக் கசக்கும்னாரு, அவரு சாம்பார் சாதத்துக்கும் அதைத்தான் சொல்லுவாரு. நான் குடிச்சது பாதி, மிச்சத்தை வாசல்ல இருந்த தொட்டிச் செடிக்கு ஊத்தினேன். செடி இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு.

லூர்து மூஞ்சி அன்னிக்குச் சுண்டிப் போச்சு. சமையல்கட்டுல நெத்திலி வறுக்க அவன் வேலைக்கு வச்சிருந்த அஞ்சலாட்சிதான் கதவோரமா வந்து நின்னு, விடு தம்பி, பாகற்காயும் முதல் நாள் கசக்கத்தான் செய்யுது, போகப் போகப் பழகும்னு தேத்தினா. இந்த அஞ்சலாட்சியை ஞாபகம் வச்சுக்குங்க, கதையே இவளோடதுதான்.

கோதுமையில ஒண்ணு, கேழ்வரகுல ஒண்ணுன்னு லூர்து வேற பீரும் காய்ச்சினதால நாங்க போக வரத்தான் இருந்தோம், கசப்பை மட்டும் ஒருத்தனும் சீண்டலை. இப்படி இருக்கையில ஒரு நாள் மாசிலாமணி கேட்டது கோதுமை, வந்தது கசப்பு. மாத்திக் குடுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், ஆனா அவன் வாய் சும்மா இருக்குமா? கிளாஸைப் பக்கத்துக் காலி நாற்காலிக்கு நேரா தள்ளி வச்சு, "டேய் பக்கிரி, உசுரோட இருந்தப்ப எதையும் வேணாம்னு சொல்லாத ஆளு நீ. இந்தா, இதையும் நீயே குடி"ன்னான். பக்கிரி எங்க கூட்டாளி, மீன் இறங்குதுறையில லோடு தூக்கினவன், போன ஐப்பசியில மஞ்சக்காமாலையில போயிட்டான். நாங்க எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுப் பார்க்கிறோம், கிளாஸ்ல பாதியைக் காணோம்.

கசப்பு பீரோட நுரை அழுத்தமான நுரை, ஒவ்வொரு மடக்குக்கும் கிளாஸ் உள்பக்கத்துல ஒரு வளையத்தை ஒட்ட வச்சிட்டுத்தான் கீழே இறங்கும், அதை வச்சே யார் எப்படிக் குடிச்சாங்கன்னு சொல்லிடலாம். பக்கிரி எப்பவும் ஒரே இழுப்புல பாதியை முடிப்பான், அப்புறம் குருவி குடிக்கிறாப்பல சின்னதா மூணு வாய், அப்புறம் ஒரு பீடி, அப்புறம் மிச்சம். நாங்க பார்த்துக்கிட்டே இருக்கோம், பாதிக்குக் கீழே நெருக்கமா மூணு வளையம் விழுந்துச்சு, கிளாஸ் கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு, பீடி வாசனை வந்துச்சு, அப்புறம் அடி வரைக்கும் காலியாச்சு. ஒருத்தனும் எழுந்து ஓடலை. ஏன் ஓடணும், பக்கிரி எங்க ஆளு. மாசிலாமணி மூக்கை உறிஞ்சிக்கிட்டே, லூர்து, இவனுக்கு இன்னொண்ணு கொண்டாப்பான்னான்.

மறுநாள்லேருந்து செம்புக்கடைக்கு ஊரே வர ஆரம்பிச்சுது, வர வர அதுக்குன்னு முறையெல்லாம் தானா உண்டாச்சு. காலி நாற்காலிக்கு எதிர்ல கிளாஸை வைக்கணும், மோதிர விரலால மூணு சொட்டு தெளிக்கணும், யாருக்கோ அவங்க பேரை வாய்விட்டுச் சொல்லணும், சொல்லிட்டுத் திரும்பிக்கணும். பக்கிரிக்குத்தான் கூச்சம் கிடையாது, முறைச்சுப் பார்த்தா மத்தவங்க குடிக்க மாட்டாங்க, சாப்பிடுறவங்க வாயையே பார்த்தா நமக்கும் அப்படித்தானே. அதனால ஒருத்தர் கிளாஸ் வச்சா கடையில இருக்கிற மொத்தப் பேரும் கையில இருக்கிறதை அப்படியே வச்சிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துக்குவோம். சாராயக்கடை பக்கம் தலை வச்சுப் படுக்காத பொம்பளைங்க முந்தானையைப் போத்திக்கிட்டு வந்து, பழகின ஆளுங்களாட்டம் லூர்துகிட்ட ஒரு கசப்பு குடுப்பான்னு கேட்டாங்க. லைசென்ஸ் பார்க்க வந்த ஆபீசர் ஒருத்தர் நடக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, அவங்க அப்பா பேரைச் சொல்லி ஒரு கிளாஸ் வச்சாரு. அது காலியானதும் லைசென்ஸைக் கேட்காமலே ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

செத்தவங்களுக்குள்ளயும் கட்சி இருந்துச்சு. மாசிலாமணியோட அப்பா கள்ளைத் தவிர எதையும் மதிக்காத மனுஷன், ஒரே ஒரு வளையத்தோட நிறுத்திக்கிட்டாரு, மகனும் அப்பாவும் இதுல மட்டும் ஒத்துமை. அந்துவானோட சம்சாரம் கிளாஸைத் தொடவே இல்லை, அந்தம்மா உசுரோட இருந்தப்ப அவரோட ஒரே மேசையில உட்கார்ந்ததும் இல்லை. கோதுமையும் கேழ்வரகும் வச்சுப் பார்த்தோம், ஒருத்தரும் சீந்தலை. ஓசிக் குடிகாரங்க தொல்லை வேற, ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வேற எவனோ வந்து குடிச்சிட்டுப் போயிடுவான், வளையத்தைப் பார்த்தா ஒரே உறிஞ்சுல மொத்தக் கிளாஸும் போயிருக்கும். எங்க வீட்டுக்காரரு இப்படிக் குடிக்க மாட்டாரே, எந்தக் கட்டையில போறவன் வந்தான்னு பொம்பளைங்க திட்டுவாங்க, ஏற்கெனவே கட்டையில போனவனை அதுக்கு மேல என்னன்னு திட்டுறது.

சிரிச்சோம்தான், ஆனா கடைக்குள்ள ஒரு ஈரம் வந்து குடியேறினது எல்லாருக்கும் தெரிஞ்சுது. காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருறதை விட்டுட்டோம், உட்கார்ந்தாலும் உட்காரலாமான்னு கேட்டுட்டுத்தான். டிவியை நிறுத்தினது யாருன்னு தெரியாது, அப்புறம் யாரும் போடலை. ஒரு நாள் ஆட்டோ ஓட்டுற பையன் ஒருத்தன் வாசல்லயே ரொம்ப நேரம் நின்னு, தயங்கித் தயங்கி உள்ள வந்து, அண்ணே, இதுக்குப் பதிலா பால் வச்சா குடிக்குமாண்ணேன்னு லூர்துகிட்ட கேட்டான். அவன் குழந்தை பேச்சு வர்ற முன்னாடியே போயிடுச்சு. லூர்து பாலைக் காய்ச்சி ஆத்திக் குடுத்தான், பையன் வச்சான், நாங்க திரும்பி உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து வலிச்சுப் போச்சு, பால் ஆடை கட்டிக்கிட்டு அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு எனக்குக் குடிக்கப் பிடிக்கலை, எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

இப்ப அஞ்சலாட்சிக்கு வரேன். அவ புருஷன் தேசிங்கு, குப்பத்துலயே நல்ல வலைக்காரன். ஒரு கார்த்திகை மாசம், எச்சரிக்கை குடுத்தும் கேட்காம பைபர் போட்டுல நாலு பேர் கடலுக்குப் போனாங்க, புயல் அடிச்சு ஓஞ்ச பிற்பாடு மூணு பேரைக் கடல் பொணமா கரையில கொண்டாந்து போட்டுச்சு, தேசிங்கை மட்டும் குடுக்கலை. வருஷங்கள் போச்சு. அஞ்சலாட்சி பொட்டை அழிக்கலை, தாலியைக் கழட்டலை, யாராவது கேட்டா வலையை உலர்த்தப் போனவனைப் பத்திப் பேசுறாப்பல, வருவாருன்னு சொல்லிட்டு வேலையைப் பார்ப்பா. தேசிங்கோட அண்ணன் கலியமூர்த்தி கடற்கரையில கல்லு நட்டு அந்த மூணு பேரோட பேரைச் செதுக்கினாரு, அதுக்குக் கீழே ஒரு பேருக்கு இடம் விட்டு வச்சிருந்தாரு, வெறுமனே கிடந்த அந்த இடம் செதுக்கின பேரையெல்லாம் விட முதல்ல கண்ணுல படும்.

தேசிங்கு என்னோட உட்கார்ந்து குடிச்ச ஆளு, அவன் பழக்கம் எனக்கு நல்லாத் தெரியும். அவசரமே படமாட்டான், ஒரே அளவா, இடைவெளி விட்டு, அலை எண்ணிக்கிட்டு இருக்கிறவனாட்டம் குடிப்பான், கடைசி மடக்கு மட்டும் கிளாஸ்லயே வச்சிடுவான். வீட்டுல காபியானாலும் கஞ்சித் தண்ணியானாலும் கடைசி மடக்கு அஞ்சலாட்சிக்குன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து வைக்கிற வழக்கம், அந்தக் கை அதே வழக்கத்துல சாராயக்கடையிலயும் நின்னுடும். இங்க யாருடா உன் பொண்டாட்டின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம், அந்த மிச்சத்தைப் பக்கிரி எடுத்துக் குடிச்சிடுவான். ஊருக்கே தெரிஞ்ச விஷயம் இது.

செம்புக்கடை சங்கதி பரவின பிற்பாடு கரை ஒதுங்கின மூணு பேர் வீட்டுக்காரங்களும் வந்து கிளாஸ் வச்சாங்க. மூணும் காலியாச்சு, மூணுலயும் அடியில ஒரு சிட்டிகை கடல் மணல் கிடந்துச்சு, கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போனா கவிச்சி அடிச்சுது. அதுக்கப்புறம் கடையில எல்லாரோட கண்ணும் சமையல்கட்டுப் பக்கம் போச்சு. அஞ்சலாட்சி நெத்திலியை எண்ணெய்ல போட்டுக்கிட்டே இருந்தா. தினமும் அவ கையால கழுவின கிளாஸ்லதான் ஊரே செத்தவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, அவ மட்டும் கூப்பிடலை.

கலியமூர்த்தி கெட்ட மனுஷர் இல்லை, அதைச் சொல்லிடணும். அவங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்துச்சு, கண்ணு முழிக்கிற போதெல்லாம், பெரியவனே, சின்னவனுக்குக் காரியம் பண்ணிட்டியா, அவன் அலைஞ்சுக்கிட்டு இருக்கானேடான்னு கேட்டுச்சு. செத்தான்னு தெரியாம எப்படிக் காரியம் பண்றது, பண்ணாம எப்படி அம்மாவை வழியனுப்புறதுன்னு அவரு நடுவுல மாட்டிக்கிட்டாரு. சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு அஞ்சலாட்சிகிட்ட கேட்டாரு, ஒரு கிளாஸ் வைம்மா, ஒண்ணு தெரிஞ்சுட்டாப் போதும்னாரு.

அவ கரண்டியைக் கீழே வைக்காம, "அவரு குடிக்கலைன்னா உசுரோட இருக்காருன்னு அர்த்தமா மாமா, இல்ல இந்தக் கசப்பு அவருக்குப் பிடிக்கலைன்னு அர்த்தமா?"ன்னு கேட்டா. குடிச்சா என்ன அர்த்தம்ங்கிறதை அவ கேட்கலை, அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. குடிச்சான்னா கல்லுல பேர் ஏறும், கரையில காரியம் நடக்கும், குப்பத்துப் பொம்பளைங்க கூடி அவ நெத்தியை அழிச்சுக் கழுத்தை வெறுமையாக்குவாங்க. இத்தனை வருஷம் வருவாருங்கிற ஒரே வார்த்தையில நின்னுக்கிட்டு இருந்தவ அன்னிக்கு எங்கே போய் நிப்பா?

ஆனி மாசத்துல லூர்து ஒரு முடிவுக்கு வந்தான். கடை நிறைய ஆளு, காசுக்குக் குறைச்சல் இல்லை, ஆனா அவன் இளைச்சுப் போயிருந்தான். என் பீரைக் குடிக்கிறவங்க யார்கிட்டயும் எப்படி இருக்குன்னு கேட்க முடியலையே கண்டக்டரேன்னு என்கிட்ட வந்து உட்கார்ந்து புலம்பினான், உசுரோட இருக்கிற ஒரே ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொன்னாக்கூடப் போதும்னான். நான் பொய் சொல்லத் தயார்தான், ஆனா அன்னிக்கு நான் தொட்டிச் செடிக்கு ஊத்தினதை அவன் பார்த்திருக்கான். அண்டாவுல இருக்கிறது தீர்ந்ததும் அடுத்த தடவை பூவைப் பாதிக்கும் கீழே குறைச்சு, ஊர் நாக்குக்குத் தக்கபடி காய்ச்சப் போறதா சொன்னான். குறைச்சா செத்தவங்க தொட மாட்டாங்கன்னு அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சேதி பரவி, விட்டுப்போனவங்களெல்லாம் விழுந்தடிச்சு ஓடி வந்து கிளாஸ் வச்சாங்க, அண்டா அடி தட்டுற நேரத்துல கலியமூர்த்தி மறுபடியும் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. அவரு கேட்கிறதுக்குள்ள அஞ்சலாட்சியே ஞாயித்துக்கிழமை மத்தியானம் வைக்கிறேன்னு சொல்லிட்டா.

அந்த மத்தியானம் கடை கொள்ளாத கூட்டம். கலியமூர்த்தி, கரை ஒதுங்கின மூணு பேர் வீட்டுப் பொம்பளைங்க, மாசிலாமணி, அந்துவான், எல்லாரும் கோயிலுக்கு வந்தவங்களாட்டம் ஒதுங்கி நின்னாங்க. அஞ்சலாட்சி தலை குளிச்சு, நீலச் சேலை கட்டி, நெத்தி நிறைய பொட்டு வச்சுக்கிட்டு வந்தா. சமையல்கட்டுக்குப் பக்கத்து மேசையைத் தானே துடைச்சு, காலி நாற்காலியை உட்கார வசதியா கொஞ்சம் பின்னால இழுத்துப் போட்டா. லூர்து அண்டா அடியிலேருந்து வடிச்ச கிளாஸை அவளே வாங்கி வச்சு, மோதிர விரலை நனைச்சு மூணு சொட்டு தெளிச்சா, தெளிச்சிட்டு அப்படியே நின்னுட்டா.

பேர் சொல்லணுமே. எங்க பக்கத்துப் பொம்பளைங்க கட்டினவன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க, சொன்னா அவன் ஆயுசு குறையும்னு நம்பிக்கை. ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்களைச் சொல்லச் சொல்லுவாங்க. புருஷன் போயிட்டான்னு தெரிஞ்சவங்களுக்குக் கவலை இல்லை, சொல்லிடுறாங்க, இனி குறைய என்ன இருக்கு. இவளுக்கு அப்படி இல்லையே. அவ தவிக்கிறதைப் பார்த்துட்டு கலியமூர்த்தி ஒரு அடி முன்னால வந்து, நான் சொல்றேன்மான்னாரு. அவ வேணாம்னு தலையாட்டினா. வாழ்நாள்ல முதல் தடவையா, பக்கத்துல படுத்திருக்கிறவனை எழுப்புற குரல்ல, "தேசிங்கு"ன்னா.

நாங்க எல்லாரும் திரும்பிக்கிட்டோம், அவளும் முதுகைக் காட்டி உட்கார்ந்தா. மத்தவங்க கடல் பக்கம் பார்த்து நின்னாங்க, நான் உட்கார்ந்திருந்த இடத்துலேருந்து திரும்பினா எதிர்ல செம்பு அண்டா. லூர்து அதைத் தினமும் புளி போட்டுத் துலக்கி வைப்பான், அதோட வயித்துல மேசையும் கிளாஸும் அஞ்சலாட்சியும் வளைஞ்சு தெரிஞ்சாங்க. நியாயமா நான் கண்ணை மூடியிருக்கணும், மூடலை. டிக்கெட் பையை மாட்டிக்கிட்டு பஸ்ல நின்ன காலத்துலேருந்து கண்ணாடியில பின்னால பார்க்கிற கண்ணு இது, சொன்னா கேட்காது.

ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் கிளாஸ்ல ஒரு வளையம் விழுந்துச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டு அதே அளவுல இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. அவசரம் இல்லை, அலை எண்ணிக்கிட்டு இருக்கிறவனாட்டம். டேய் தேசிங்குன்னு கத்திடுவேனோன்னு பயந்து வாயைப் பொத்திக்கிட்டேன். வளையம் வளையமா இறங்கி, அடியில ஒரு மடக்கு இருக்கிறப்ப நின்னுச்சு. அதுக்கப்புறம் இறங்கலை. நாற்காலி லேசா கிறீச்சிட்டுது.

அஞ்சலாட்சி திரும்பி, அந்த ஒரு மடக்கைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. அழுவான்னு நினைச்சேன், அழலை. ரெண்டு கையாலயும் கிளாஸை எடுத்து, அண்ணாந்து, அதைக் குடிச்சா. எங்க எல்லாருக்கும் கோணின மூஞ்சி அவளுக்குக் கோணலை, வீட்டுல மிச்சம் வச்ச காபியைக் குடிக்கிறாப்பல நிதானமா குடிச்சா. அப்புறம் முந்தானை நுனியைக் கிளாஸுக்குள்ள விட்டு, வளையத்தையும் அடியில கிடந்ததையும் சேர்த்துத் துடைச்சா, துடைச்ச நுனியை முடிஞ்சு இடுப்புல செருகிக்கிட்டா. நிமிர்ந்தப்ப அண்டாவுல என் கண்ணும் அவ கண்ணும் பார்த்துக்கிச்சு. நான் பார்த்துட்டேன்ங்கிறது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"திரும்புங்க"ன்னா அவ. எல்லாரும் திரும்பினாங்க. "எவனோ ஓசிக் குடிகாரன் வந்து குடிச்சிட்டுப் போயிட்டான். அவரு வரலை."

கலியமூர்த்தி கிட்ட வந்து கிளாஸை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. அடியில மணல் இல்லை, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வந்து குடிச்சது அவன் இல்லைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்னு கேட்டாரு.

"காலியா இருக்கே மாமா. அவரு என்னிக்கு மொத்தமா குடிச்சிருக்காரு? எனக்குக் கடைசி மடக்கை வைக்காம போவாரா?"

ஊருக்கே தெரிஞ்ச பழக்கமாச்சே. கலியமூர்த்தி நாற்காலியில உட்கார்ந்து துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாரு, தம்பி சாகலைன்னு அழுதாரோ, இன்னும் எத்தனை நாள் இப்படியேன்னு அழுதாரோ, எனக்குப் பிடிபடலை. அத்தைகிட்ட இன்னும் வரலைன்னு சொல்லுங்க, அவங்களும் காத்திருப்பாங்கன்னு அஞ்சலாட்சி சொன்னா, சொல்லிட்டு அந்தக் கிளாஸை அவர் கையிலேருந்து வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. டிக்கெட் எடுக்காம ஏறினவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சு இறக்கி விட்டவன் நான், அன்னிக்கு என் முன்னாலயே அத்தனை பெரிய பொய் நடந்து போச்சு, நான் வாயைத் திறக்கலை. கலியமூர்த்திக்கு அது அநியாயமா, அந்தக் கிழவிக்கு அநியாயமான்னு இன்னிக்கும் யோசிக்கிறேன். இருக்கலாம். ஆனா அந்த மடக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குள்ள, அதைப் பிடுங்கி ஊர் கையில குடுக்க நான் யாரு?

மறுநாள் லூர்து அண்டாவைக் கழுவித் துடைச்சிட்டு, புதுசாக் காய்ச்சப் பூவை அளந்துக்கிட்டு இருந்தான். பாதிக்கும் கீழேதான் அளந்தான். அஞ்சலாட்சி சமையல்கட்டுலேருந்து வந்து, கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, மிச்ச பாக்கெட்டையும் எடுத்து அவன் பக்கத்துல வச்சா, குறைக்காத தம்பின்னா. இதை யார்க்கா குடிக்கிறாங்கன்னு அவன் சலிச்சுக்கிட்டான். நான் குடிக்கிறேன்னா அவ.

அது முதல் அவ தினமும் ஒரு கசப்பு குடிக்கிறா. பொழுது சாயறப்ப, வறுவல் வேலை முடிஞ்சு அடுப்பை அணைச்சிட்டு, சமையல்கட்டு ஜன்னலோரம் கடலைப் பார்த்து உட்கார்ந்து, நிதானமா, ஒரே அளவா குடிக்கிறா. கடைசி மடக்கைக் குடிக்கிறதில்லை. கிளாஸை ஜன்னல் கட்டைமேல வச்சிட்டு வாணலியைத் தேய்க்கப் போயிடுவா, தேய்ச்சுக் கவுத்திட்டு வர்றதுக்குள்ள கிளாஸ் காலியா இருக்கும். கல்லுல நாலாவது இடம் இன்னும் வெறுமனே கிடக்கு. கலியமூர்த்தி அம்மா அந்த மழைக்காலத்துல போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கும் அஞ்சலாட்சிதான் ஒரு கிளாஸ் வச்சா, எதிர்ல ரெண்டு நாற்காலி போட்டா. ஏன் ரெண்டுன்னு யாரும் கேட்கலை.

ஒரு நாள் லூர்து மனசு தாங்காம ஜன்னல்கிட்ட போய், ரொம்ப நாளா நாக்கு நுனியில வச்சிருந்ததைக் கேட்டான், எப்படிக்கா இருக்கு என் பீருன்னு. உசுரோட இருக்கிறவங்க சொல்றதைக் கேட்கணும்னு அவன் காத்துக்கிட்டு நின்ன நிலையைப் பார்த்து எனக்கே பாவமா இருந்துச்சு. அஞ்சலாட்சி கிளாஸைத் தூக்கி, மிச்சமிருந்த அந்த ஒரு மடக்கை வெளிச்சத்துல பார்த்தா.

"கசக்குது தம்பி"ன்னா. "இப்படியே இருக்கட்டும்."